கட்டையா, முழு செட்டா?

அக்காவும் தம்பியும் சண்டை போடக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அன்று காலையில் காரணம் இரண்டு அட்டைப் பெட்டிகளாகப் பட்டறை மேசையின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

ஒன்று சின்னது. ஒரு கையால் தூக்கிவிடலாம். உள்ளே நாலு இரும்புக் கட்டைகள், கொஞ்சம் போல்ட்டு, நட்டு. வண்டியில் இருக்கிற பழைய ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு, அதோடு இந்தக் கட்டைகளைச் செருகினால் பிக்கப் மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கும். மற்றது இரண்டு பேர் சேர்ந்து இறக்கவேண்டிய பெட்டி. புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், புது இரும்புப் பட்டை என்று வண்டியின் கால்களையே மாற்றிவிடும் சமாச்சாரம். உயரம் அதே மூன்று அங்குலம்தான். விலை மட்டும் நாலு மடங்கு. பட்டறையில் சின்னதற்குக் 'கட்டைக் கிட்டு', சுருக்கமாகக் 'கட்டை' என்று பெயர், பெரியதற்கு 'முழு செட்டு'.

பட்டறைக்காரியான அக்கா இந்த வேலையில் கெட்டிக்காரி. வண்டி வாசலில் வந்து நிற்கும்போதே எந்தப் பக்கம் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளிடம் ஒரே ஒரு குறைதான். தப்பு என்று ஒன்று நடந்துவிட்டால் அது போல்ட்டின் மேல் இருக்கும், ரோட்டின் மேல் இருக்கும், கட்டிக்கொண்ட மனுஷன் மேல்கூட இருக்கும். அவள் மேல் மட்டும் இருக்காது. அவள் வீட்டுக்காரர் முன்பக்கம் உதிரிபாகக் கவுன்டரைப் பார்த்துக்கொள்கிறவர். இந்தப் பதினெட்டு வருஷத்தில் தன் தலையில் விழுந்த தப்புகளை எண்ணுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

தம்பிக்கு ஒரு பழைய பிக்கப் உண்டு. ஊருக்கு வெளியே மலை உச்சியில் ஒரு டவர் கட்டுகிறார்கள். அதற்கு சிமென்ட் மூட்டை ஏற்றிப்போகிற வேலை கிடைத்திருந்தது. ஆனால் அது மண் ரோடு, நடுவில் கல் துருத்திக்கொண்டிருக்கும். "அடிவயிறு தட்டுற வண்டி மேல வரக்கூடாது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒசத்திட்டு வந்தா வேலை உனக்கு. இல்லன்னா அடுத்த வண்டிக்கு" என்று சைட் இன்ஜினியர் முந்தின நாள் சொல்லிவிட்டார். அதனால்தான் பட்டறை திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்றான்.

"கட்டையே போதும்க்கா" என்றான் தம்பி.

"உனக்குப் போதும்டா. அந்த மலைக்குப் போதுமான்னு கேளு."

"வழியில பத்து வண்டி கட்டையிலதான் ஓடுது."

"பத்துப் பேரு கெணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா? முழு செட்டு போட்டுக்கோ. எனக்கு வந்த விலைக்கே தரேன். கூலியும் வேண்டாம்."

அங்கேதான் பேச்சு கெட்டது. தம்பியின் முகம் கறுத்துப்போனது.

"நான் இனாம் கேட்டு வரல."

"இனாம்னு யாருடா சொன்னா?"

"பைக் வாங்கினப்ப ஹெல்மெட் நீ. இந்த வண்டி வாங்கினப்ப நாலு டயரும் நீ. என் கல்யாணத்துல பந்தி செலவு பாதி உன்னுதுன்னு மொத்த சொந்தக்காரங்களுக்கும் தெரியும். எப்படித் தெரியும்னு நான் கேட்டேனா? இது ஒண்ணாவது என் காசுல, என் இஷ்டத்துக்கு நடக்கட்டும்."

கவுன்டரிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா பேசினீங்கன்னா நாலு பேரு தைரியமா கடைக்குள்ள வருவாங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள். "நீங்க சும்மா இருங்க மாமா" என்றான் அவன். அன்று காலையில் அக்காளும் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"கட்டை மாட்ட நான் எதுக்குடா? அடுத்த தெருவுல மாட்டுவானுங்க."

"அப்ப அங்கயே போகட்டுமா?"

அது சுருக்கென்று குத்தியது. சொந்தத் தம்பி வண்டியை அடுத்த தெருவில் விட்டால் ஊர் என்ன சொல்லும்? ஊரை விடு, அவளுக்கே தாங்காது. "வண்டிய உள்ள விடு" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே அளவுதான். ஒவ்வொரு நட்டையும் தம்பியின் காதைத் திருகுவதாக நினைத்துக்கொண்டு திருகினாள். மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் வாசலில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது: பெட்டி காலியானால் வேலை முடிந்தது. அவளே கொண்டுவந்த வழக்கம்தான். முன்பொரு தடவை ஒரு வண்டி போனபிறகு மேசையில் நாலு போல்ட்டு மிஞ்சிக் கிடந்தது. அன்றிலிருந்து பெட்டியில் வந்தது எல்லாம் வண்டிக்குள் போயாக வேண்டும். பெட்டியைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்து, ஒன்றும் விழவில்லை என்றால்தான் சாவியைக் கொடுப்பாள். ஒன்றரை வருஷமாக அவளிடம் வந்ததெல்லாம் முழு செட்டுதான். வழக்கம் ஒரு நாளும் அவளைக் கைவிட்டதில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சின்னப் பெட்டியைத் தலைகீழாகத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. வண்டியைத் தரையில் இறக்கினாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. தம்பி கவுன்டரில் கூலியோடு சேர்த்து முழுத் தொகையையும் வைத்துவிட்டு வண்டியில் ஏறினான். எப்போதும் "போயிட்டு வரேன்க்கா" என்பவன், அன்று "போறேன்" என்று மட்டும் சொன்னான். 'வரேன்' இல்லாத அந்தச் சொல் அவளுக்கு உறைத்தது. ஆனால் கூப்பிட்டுத் திருத்தவில்லை. கோபம் இருந்தது.

மதியத்துக்குமேல் வந்தது ஒரு வாத்தியாரின் வண்டி. அவருக்கு முழு செட்டு. மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பெரிய பெட்டியைப் பிரித்தாள். ஸ்பிரிங், ஷாக், பட்டை என்று ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிவைத்த கறுப்பு ரப்பர்க் குழாய் இருந்தது. நீளமான பிரேக் ஹோஸ்.

அதை எடுத்த கை அப்படியே நின்றது.

பிரேக் எண்ணெய் வண்டியின் சட்டத்திலிருந்து பின்சக்கர அச்சான ஆக்சிலுக்கு ஒரு ரப்பர்க் குழாய் வழியாகத்தான் போகிறது. வண்டியை உயர்த்தினால் சட்டம் மேலே போகும், ஆக்சில் கீழேயே இருக்கும். பழைய குழாய்க்கு நீளம் போதாது. அதனால்தான் முழு செட்டில் நீளமான குழாயையும் சேர்த்தே வைத்துவிடுகிறார்கள். கட்டைப் பெட்டியில் அது வராது. மாட்டுகிறவர்தான் ஞாபகமாக வாங்கி மாட்டவேண்டும். சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்திருந்தால் குழாய் விறைப்பது கண்ணில் பட்டிருக்கும். அவள் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. பெட்டியைத் தட்டித்தான் பார்த்தாள்.

"என்னம்மா, ஏதாவது குறையுதா?" என்றார் வாத்தியார்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மனசுக்குள் கணக்கு ஓடியது. மூட்டையோடு ஏறும்போது பாரம் வண்டியை அமுக்கியிருக்கும், குழாய் இழுபடாது. மேலே இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் எழும்பும். ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் தொங்கினால் போதும். அந்த இறக்கத்தில் குழாய் பிய்ந்தால்? இரண்டேகால் மணி. இந்நேரம் மேலே போயிருப்பான்.

போனை எடுத்தாள். கட் செய்தான். மறுபடி அடித்தாள். மறுபடி கட். மூன்றாவது தடவை எடுத்தான்.

"அக்கா, வண்டி நல்லா ஏறிடுச்சு. ஒரு கல்லுகூட தட்டல. மூட்டை இறக்கிக்கிட்டு இருக்காங்க."

"டேய், இறங்காத. அந்தக் கட்டைக் கிட்டுல பிரேக் ஹோஸ் வராதுடா, அதான்..."

"நெனச்சேன். காலையில மலை, இப்ப பிரேக்கா? அந்தப் பெரிய பெட்டிய வேற யாருக்காவது வித்துக்கோக்கா."

"டேய், நான் சொல்றதக் கேளு..."

போன் நின்றுவிட்டது. மறுபடி அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. டயரில் காற்று, எஞ்சினில் ஆயில், பின்விளக்கு என்று வாரத்துக்கு இரண்டு தடவை போன் போட்டு பயமுறுத்துகிற அக்கா. புலி வருது புலி வருது என்று வருஷக்கணக்காகச் சொன்னவள். நிஜப் புலி வந்த அன்று எவன் நம்புவான்?

வீட்டுக்காரர் கவுன்டரை விட்டு எழுந்து வந்திருந்தார். "கிட்டுல வராதுன்னுதானே சொன்ன. நீ மாட்டாம விட்டுட்டேன்னு சொல்லவே இல்லயே" என்றார். குரலில் கேலி இல்லை. அவருக்கும் முகம் வெளுத்திருந்தது.

அவளால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நின்றிருப்பான். வாய் அதுவாகவே பழியைக் கிட்டின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டது. "ஸ்கூட்டர எடுங்க" என்றாள். வாத்தியார் பேப்பரை மடித்தார். "என் வண்டி எங்கயும் ஓடிடாது. போங்கம்மா" என்றார்.

மலையடிவாரம் அரைமணி தூரம். வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஓட்டுவதைப் பார்த்தால் பின்னால் வருகிற சைக்கிளும் மணி அடிக்கும். அன்று அவர் ஒரு சிக்னலில்கூட நிற்கவில்லை. அவள் பின்னால் உட்கார்ந்து தம்பியின் நம்பரையே அழுத்திக்கொண்டு வந்தாள். இன்ஜினியரின் நம்பர் அவளிடம் இல்லை. ஐந்து வயதில் அவனைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடியவளும் அவள்தான். விழுந்து முட்டி பெயர்ந்தபோது, "நீ சரியா உக்காரல" என்று அவனையே திட்டியவளும் அவள்தான். இது ஏன் இப்போது நினைவுக்கு வரவேண்டும் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

சைட் வாசலில் ஒரு கம்பித் தடுப்பு, ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரு காவல்காரர். மேசையில் பதிவு நோட்டும் வாக்கிடாக்கியும் இருந்தன. மேலே ஏறுகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வாக்கிடாக்கி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். ஒருவர் பேசினால் எல்லா வண்டிக்கும் கேட்கும், இன்ஜினியருக்கும் கேட்கும்.

"அண்ணே, சிமென்ட் ஏத்திட்டுப் போன அந்தப் பழைய பிக்கப்ப எறங்க வேண்டாம்னு சொல்லுங்க. பிரேக் போயிடும்."

காவல்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் சட்டம் பேசுகிறவர். "சும்மா நிறுத்த முடியாதும்மா. காரணம் எழுதணும். வண்டி கோளாறுன்னா வண்டிய வேலையிலருந்தே எடுத்துருவாங்க. மாட்டுன பட்டறை கோளாறுன்னா அந்தப் பட்டறை பேர எழுதிருவாங்க. இனிமே அங்க வேலை பாக்குற எந்த வண்டியும் இந்தக் கேட்டத் தாண்டாது. ரெண்டுல எது?"

அந்த சைட்டில் ஓடுகிற வண்டிகளில் ஏழு அவள் பட்டறை வண்டிகள். அவள் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது: மலிவுக் கிட்டு அண்ணே, கட்டை சரியில்லை. சொன்னால் பட்டறை தப்பித்துவிடும். அதை வாங்கினவன் வண்டி மட்டும் போகும். பதினெட்டு வருஷமாக அவள் சொல்லிப் பழகின மாதிரியான பதில். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"பட்டறைதான்" என்றாள். "என் பட்டறை. குடுங்க, நானே பேசறேன்."

"இத அழுத்திக்கிட்டுப் பேசணும்."

அழுத்தினாள். "டேய் தம்பி, அக்கா பேசறேன். இத நீ கட் பண்ண முடியாது. நான் தப்பு பண்ணிட்டேன்டா. பின்னாடி பிரேக் ஹோஸ மாத்தாம விட்டுட்டேன். கிட்டுல தப்பு இல்ல, உன் மேல தப்பு இல்ல. நான்தான் பாக்கல. நீ எங்க இருந்தாலும் அங்கயே நில்லு."

ஒன்றும் கேட்கவில்லை. வெறும் இரைச்சல். வீட்டுக்காரர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா." குரல் வந்தது. "எறங்கிட்டேன்க்கா. ரெண்டாவது வளைவு தாண்டிட்டேன். இப்பதான் ஒரு பள்ளத்துல பின்னாடி படக்குன்னு சத்தம் கேட்டுச்சு. பெடல் பாதிக்குக் கீழ போகுது."

அவள் வாக்கிடாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரலை நடுங்கவிடவில்லை.

"ஓங்கி மிதிக்காத. பின்பக்கம் போயிடுச்சு, முன்பக்கம் மட்டும்தான் பிடிக்கும். சரளையில அத அழுத்தினா வண்டி திரும்பாது, வழுக்கிடும். எந்த கியர்ல இருக்க?"

"மூணு."

"ரெண்டுக்கு வா."

"விழ மாட்டேங்குது."

"கிளட்ச்ச மிதிச்சு, ஒரு தட்டு ஆக்சிலேட்டர் குடுத்துட்டுப் போடு."

இரைச்சலுக்குள் எஞ்சின் அலறுவது கேட்டது. "விழுந்துடுச்சு. ஆனா ஓட்டம் கொறையல."

"ஹேண்ட் பிரேக்க இழு. அதோட நுனியில இருக்குற பட்டன அமுக்கியே பிடிச்சுக்கோ, கொஞ்சம் கொஞ்சமா இழு. அது கம்பியில போகுது, எண்ணெய் இல்லன்னாலும் பிடிக்கும்." காவல்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மலையோரமா மண் மேடு ஏதாவது இருக்கா?"

"நாலாவது வளைவுக்கு முன்னாடி இடது பக்கம் ஜல்லி கொட்டி வச்சிருக்கோம்."

"டேய், நாலாவது வளைவு. இடது பக்கம் ஜல்லி இருக்கு. அதுமேல ஏத்திடு. வண்டிக்கு என்ன ஆனாலும் பரவால்ல. கேட்டுச்சா?"

"மூணு தாண்டிட்டேன்... தெரியுது."

அதற்கப்புறம் குரல் இல்லை. மலைமேலிருந்து ஜல்லி சரிகிற சத்தம் வாக்கிடாக்கி இல்லாமலேயே கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. அவள் பட்டனை அழுத்தாமலேயே அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காவல்காரர்தான் அவள் விரலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"தம்பி. டேய். பேசுடா."

"நின்னுடுச்சுக்கா" என்றான்.

அவள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று நினைக்கவில்லை.

நடந்து மேலே போனபோது பிக்கப் ஜல்லிக் குவியலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. முன்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. தம்பி நெற்றியில் ஒரு புடைப்போடு குவியலோரம் உட்கார்ந்திருந்தான். அவள் முதலில் அவன் தலை, கை, கால் என்று தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் வண்டிக்கு அடியில் குனிந்தாள். குழாய் நடுவில் பிய்ந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் வந்தார், பார்த்தார், முடிவைச் சொன்னார். வேறு பட்டறையில் சரிசெய்து சீட்டு வாங்கிவந்தால் நாளை முதல் தம்பி ஓட்டலாம். அக்காவின் பட்டறை பெயர் நோட்டில் ஏறிவிட்டது. அந்த ஏழு வண்டிகளும் இனி அவளிடம் வராது. அவள் தலையாட்டினாள். வீட்டுக்காரர் வாயைத் திறந்து, ஏதோ கேலி சொல்லவந்து, மூடிக்கொண்டார்.

இன்ஜினியர் போனபிறகு தம்பி நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டே பேசினான்.

"நான் போன கட் பண்ணியிருக்கக் கூடாது."

"நான் ஒழுங்கா சொல்லியிருந்தா நீ கட் பண்ணியிருக்க மாட்ட."

"அடுத்த தெருவுலதான் விடணும் போல. என்ன போடச் சொல்லட்டும்? நீ சொல்றதப் போடறேன்க்கா. முழு செட்டா?"

தம்பி இப்படி வந்து கேட்கமாட்டானா என்று அவள் எத்தனை வருஷமாகக் காத்திருந்தாள். இப்போது கேட்கிறான், அதுவும் அவள் சொன்னதுதான் கடைசியில் சரி என்று நம்பிக்கொண்டு கேட்கிறான். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். உலகம் முழுக்க அவள் பக்கம் நிற்கும்.

"வேண்டாம்டா" என்றாள். "அந்தக் கட்டை ஒரு இம்மிகூட நகரல, இப்பதான் பாத்தேன். காலையில நீ எடுத்தது சரிதான். ஹோஸ் மட்டும் நீளமா போடச் சொல்லு."

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நீயும் வாக்கா" என்றான். "மாட்டும்போது பக்கத்துல நில்லு."